ஆத்துல இறங்கலாமா? கயாக் பத்தி நீங்க கேட்டதும் நாங்க சொல்றதும்

போன இதழ்ல கடைசிப் பக்கத்துல "பாறையும் நுரையுமா ஓடுற ஆத்துல கயாக் ஓட்டுறது பத்தி கேள்வி இருந்தா எழுதுங்க"ன்னு சின்னதா ஒரு வரி போட்டிருந்தோம். (கயாக்னா துடுப்பு போட்டு ஓட்டுற ஒல்லியான சின்னப் படகு.) யாரு கேக்கப் போறாங்கன்னு நெனச்சா குவிஞ்சு போச்சு. ஒரே மாதிரி வந்ததையெல்லாம் ஒண்ணாக்கிட்டோம். பேர் போடாதீங்கன்னு பாதிப் பேர் கேட்டிருந்ததால (வீட்டுல தெரிஞ்சா திட்டு விழுமாம்) யார் பேரையும் போடல.

கேள்வி: ஏரியில ஒரு வருஷமா கயாக் ஓட்டுறேன் சார், நேரா போறது திருப்புறது எல்லாம் அத்துப்படி. ஃப்ரெண்ட்ஸ் ஒரு கிளாஸ் 3 ஆத்துக்குக் கூப்பிடுறாங்க. இன்டர்மீடியட்தானே, எக்ஸ்பர்ட் இல்லையே, போகலாம்ல?

போகலாம், ஆனா இப்ப வேணாம். ஆத்தோட கஷ்டத்தை 1ல இருந்து 6 வரைக்கும் பிரிக்கிற சர்வதேச அளவுகோல் ஒண்ணு இருக்கு. 1னா சும்மா நகர்ற தண்ணி, 2னா அலை இருக்கும் ஆனா எந்தப் பக்கம் போகணும்னு படகுல உக்காந்தபடியே தெரிஞ்சிடும், 3க்கு வந்தா அலை ஒழுங்கில்லாம வரும், எல்லாத்தையும் ஒதுக்கிட்டுப் போகவும் முடியாது, ஓடுற ஓட்டத்துக்குள்ளயே படகை சட்டு சட்டுன்னு திருப்பணும். 6னா கிட்டத்தட்ட யாரும் இறங்காத இடம். 3 நடுவுல வருதே, அப்ப பாதிக் கஷ்டம்தான்னு நெறைய பேர் கணக்குப் போடுறாங்க. அது ஆத்துலயே பழகினவங்களுக்குத்தான் நடுத்தரம், ஏரியில பழகினவங்களுக்கு இல்ல. ஏரியில படகு மட்டும்தான் நகருது, ஆத்துல கீழ இருக்குற தண்ணியும் நகருது, அதுவும் ஒரே பக்கமா நகராது.

இன்னொண்ணு, ஒரே நம்பர்ல ரெண்டு ஆறு இருந்தா ரெண்டும் ஒண்ணுன்னு நினைக்காதீங்க. ஒரு ரேப்பிட் (பாறைக்கு நடுவுல தண்ணி நுரைச்சுக்கிட்டு வேகமா இறங்குற இடம்) முடிஞ்சதும் அமைதியான மடு ஒண்ணு வந்து, அப்புறம்தான் அடுத்த ரேப்பிட்னு இருக்குற ஆத்துல கவுந்தாலும் ஆளையும் படகையும் மடுவுல பிடிச்சுக்கலாம். அதே 3, ஆனா மடுவே இல்லாம கிலோமீட்டர் கணக்குல இறங்கிக்கிட்டே போகுதுன்னா ஒரு தடவை படகை விட்டா பேடில் (துடுப்பு) ஒரு பக்கம் நீங்க ஒரு பக்கம்னு ரொம்ப தூரம் போயிடும். சில குறிப்புகள்ல 3ன்னு போட்டு பக்கத்துல அடைப்புக்குள்ள 4ன்னு இருக்கும், பெரும்பாலும் 3தான் ஆனா நடுவுல ஒரு இடம் 4ன்னு அர்த்தம். ஃப்ரெண்ட்ஸ்கிட்ட மொதல்ல அதைக் கேளுங்க, அந்த 4ஐ கரை வழியா நடந்து தாண்ட முடியுமான்னும் கேளுங்க. நடுவுல கிளாஸ் 1, 2 ஆறுகள்ல ஒரு சீசன் ஓட்டிட்டு வாங்க. ஆழம் தெரியாம காலை விடாதேன்னு சும்மாவா சொன்னாங்க.

கேள்வி: எடிக்குள்ள போ, எடிக்குள்ள போன்னு கத்துறாங்க. நான் எடிக்குள்ள நுழையுறப்பவும் கவுந்துடறேன், வெளிய வர்றப்பவும் கவுந்துடறேன். நடுவுல உக்காந்திருக்கும்போது மட்டும் நல்லா இருக்கேன். ஏன்?

இந்த மாசத்துலயே நல்ல கேள்வி இதுதான், கொஞ்சம் நீட்டியே சொல்லிடறோம்.

ஒரு பெரிய பாறை ஓட்டத்துக்கு நடுவுல நிக்குதுன்னா தண்ணி ரெண்டு பக்கமும் பிரிஞ்சு வேகமா போகும், பாறைக்குப் பின்னாடி கொஞ்சம் தண்ணி குறையும், அந்தப் பள்ளத்தை நிரப்ப ஆறு போற பக்கத்துல இருந்து தண்ணி திரும்பி, ஆறு வர்ற பக்கமா மேல வரும். அந்த இடம்தான் எடி. நின்னு மூச்சு வாங்கவும், அடுத்து என்ன இருக்குன்னு எட்டிப் பாக்கவும், பின்னாடி வர்றவங்களுக்குக் காத்திருக்கவும் ஆத்துல கிடைக்குற இடம் அது. வேகமா கீழ போற தண்ணிக்கும் திரும்பி மேல வர்ற தண்ணிக்கும் நடுவுல ஒரு கோடு தெரியும், நல்லாப் பாத்தீங்கன்னா அதுல குட்டிக் குட்டிச் சுழி வரிசையா சுத்திக்கிட்டுப் போகும். நீங்க கவுந்தது எடியில இல்ல, அந்தக் கோட்டுலதான்.

படகோட மூக்கு கோட்டைத் தாண்டினதும் அது ஒரு தண்ணியில இருக்கு, வால் இன்னொரு தண்ணியில இருக்கு. படகு தானா சுழலும், அது நல்லதுதான், அப்படித்தான் சுழலணும். ஆனா அந்த நேரத்துல புதுத் தண்ணி படகோட ஒரு பக்கத்துல வந்து மோதுதுல்ல, அந்தப் பக்க விளிம்பு தாழ்ந்து இருந்துச்சுன்னா தண்ணி அதைப் பிடிச்சு உள்ள இழுத்துடும், யோசிக்கக்கூட நேரம் இருக்காது. அதனால புதுத் தண்ணி வர்ற பக்கத்து விளிம்பைத் தூக்கணும். உள்ள போறப்ப ஒரு பக்கம், வெளிய வர்றப்ப வேற பக்கம்னு மனப்பாடம் பண்ணிக் குழம்ப வேணாம். சைக்கிள்ல வளைவு எடுக்குறப்ப எந்தப் பக்கம் திரும்புறோமோ அந்தப் பக்கம்தானே சாயுறோம், ரெண்டுக்கும் அதேதான். சாயுறதுன்னா தலையைச் சாய்க்கிறது இல்ல, இடுப்புக்குக் கீழ முழங்காலால படகை ஒரு பக்கமாத் தூக்குறது, தோளும் தலையும் படகுக்கு நேர் மேலயே இருக்கணும்.

அப்புறம் வேகம். பயத்துல எடி பக்கத்துல வந்ததும் துடுப்புப் போடுறதை நிறுத்திடறோம், கோட்டு மேலயே படகு தங்கிடுது, அங்க தங்கினா கவுக்காம என்ன பண்ணும்? கோட்டைச் சுமார் 45 டிகிரியில, நல்லா வேகத்தோட, பாறையை ஒட்டின மேல் பகுதியில வெட்டுங்க, அங்கதான் கோடு மெல்லிசா கூர்மையா இருக்கும். கீழ வர வர அது அகலமாகி கொப்பளிச்சுக்கிட்டு எந்தப் பக்கம் தள்ளும்னே சொல்ல முடியாத மாதிரி ஆயிடும். கண்ணு எடிக்குள்ள எங்க போய் நிக்கணுமோ அங்க இருக்கணும், படகு மூக்கைப் பாக்காதீங்க. ஒரே எடிக்குள்ள போய் வெளிய வந்து மறுபடி உள்ள போய்னு அரை நாள் பழகுங்க. ஃபோட்டோவுக்கு ஒண்ணும் இருக்காது, போரா இருக்கும், ஆனா ஆறு முழுக்க ஒரு தடவை ஓட்டிட்டு வர்றதை விட இது அதிகம் சொல்லிக் கொடுக்கும்.

கேள்வி: நீச்சல் குளத்துல ரோல் (கவுந்த படகை உள்ள உக்காந்தபடியே நிமித்துறது) சூப்பரா வருது, ஆத்துல ஒரு தடவைகூட வரல.

எல்லாருக்கும் இதே கதைதான். குளத்துல எப்பக் கவுக்கணும்னு நீங்களே முடிவு பண்றீங்க, மூச்சை இழுத்துக்கிட்டு பேடிலை சரியா வச்சுக்கிட்டுக் கவுக்குறீங்க. ஆத்துல அது உங்களைக் கேக்காம கவுத்துடுது. உள்ள போனதும் மொத வேலை முன்னாடி குனிஞ்சு சுருண்டுக்கறது, நெத்தி படகு மேல்தட்டைத் தொடுற அளவுக்கு, ஏன்னா அப்ப பாறையில இடிச்சாலும் ஹெல்மெட்டும் முதுகும்தான் வாங்கும், முகம் வாங்காது. அப்புறம் பேடில் தண்ணிக்கு மேல வந்துடுச்சான்னு கையால தட்டிப் பாத்து, அதுக்கப்புறம் ரோல். அவசரப்பட்டு பாதி வழியில ஆரம்பிச்சாதான் ஃபெயில் ஆகுது.

அதைவிட முக்கியம் தலை. மூச்சு வேணும்ங்கிற ஆசையில தலையை மொதல்ல தூக்குறோம், தலை நாலஞ்சு கிலோ எடை, அதைத் தூக்கினா படகு திரும்பக் கவுந்துடும். இடுப்பு படகை நிமித்தணும், உடம்பு பின்னாடி வரணும், தலை கடைசி. மேல வர்றப்ப கண்ணு பேடில் நுனியைப் பாத்துக்கிட்டு இருந்தா தலை தானா கடைசியாத்தான் வரும். ஓட்டத்தோட மிதந்து போறப்ப எந்தப் பக்கம் எழுந்தாலும் பெரிய வித்தியாசம் இல்ல, ஒரு ஹோல்ல (தண்ணி விழுந்து திரும்பிச் சுருண்டு படகைப் பிடிச்சு வச்சுக்கிற இடம்) மாட்டிக்கிட்டு நின்ன இடத்துலயே இருந்தீங்கன்னா மட்டும் ஓட்டம் போற பக்கமா எழுந்திருங்க, மறுபக்கம் எழுந்தா அடுத்த நொடியே மறுபடி உள்ள.

ரோல் வரலைன்னா படகை விட்டு வெளிய வர்றது கேவலம் இல்ல. ஸ்ப்ரே ஸ்கர்ட்டோட (படகுக்குள்ள தண்ணி வராம இடுப்பைச் சுத்தி மூடுற துணி) முன்னாடி இழுக்குற வளையம் இருக்கு பாருங்க, அது ஸ்கர்ட்டுக்கு வெளிய தொங்குதான்னு ஒவ்வொரு தடவை ஆத்துல இறங்கும்போதும் கையால தொட்டுப் பாத்துக்கணும். உள்ள மடிஞ்சு போயிருந்தா தலைகீழா இருக்குறப்ப அதைத் தேடிக்கிட்டு இருக்க முடியாது.

கேள்வி: எம் பையனுக்கு 16 வயசு. நல்லா நீச்சல் தெரியும், லைஃப் ஜாக்கெட்டும் போடுறான். அது போதும்தானே? சும்மா பயப்படுறேன்னு அவன் சிரிக்கிறான்.

அம்மா, நீங்க பயப்படுறது சும்மா இல்ல. பையன் சொல்றதுலயும் பாதி சரி. ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் இல்லாம யாரும் இறங்கக் கூடாது, அது பேச்சே இல்ல. ஆனா கயாக் ஜாக்கெட்னா பொதுவா 50 நியூட்டன் அளவுக்குத்தான் மிதக்க வைக்கும், அதாவது சுமார் 5 கிலோவைத் தூக்குற பலம், வெள்ளையா நுரை பொங்குற இடத்துல பாதி காத்துங்கிறதால அங்க இன்னும் கம்மியாத்தான் தூக்கும்.

நீச்சல் தெரிஞ்ச பசங்க பண்ற தப்பு ஒண்ணு இருக்கு, முழங்கால் ஆழம்தானேன்னு ஓடுற தண்ணியில எழுந்து நிக்கப் பாக்குறது. பாதம் அடியில ரெண்டு கல்லுக்கு நடுவுல மாட்டிக்கும், பின்னாடி இருந்து தண்ணி ஆளை முன்னாடி தள்ளும், மறுபடி எழுந்திருக்கவே முடியாது. தண்ணியோட வேகம் ரெண்டு மடங்கானா அது தள்ளுற பலம் நாலு மடங்காகும், பெரிய ஆளா இருந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது. அதனால மல்லாக்கப் படுத்து, கால் ரெண்டையும் தண்ணி போற பக்கமா நீட்டி, கால்விரல் தண்ணிக்கு மேல தெரியுற மாதிரி வச்சுக்கிட்டுப் போகணும், ஓட்டம் குறைஞ்ச இடமாப் பாத்துக் குப்புறத் திரும்பி கரைக்கு நீந்தணும், கரையோரம் பின்பக்கம் தரை தட்டுற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது. இதை அவனை உங்ககிட்ட விளக்கச் சொல்லுங்க. தடுமாறாம சொன்னான்னா ஓரளவுக்கு நல்ல ஆள்கிட்டதான் கத்துக்கறான்னு நிம்மதியா இருங்க.

கேள்வி: நாங்க போற ஆறு வயக்காட்டு நடுவுல ஓடுது. பெரிய பாறை கிடையாது, அருவி கிடையாது. இதுல என்ன ஆபத்து வந்துடப் போகுது?

பாறையை விட மோசமானதெல்லாம் அங்கதான் இருக்கு. வளைவுல கரை அரிச்சு மரம் சாஞ்சிருக்கும், கிளைக்கு நடுவுல தண்ணி பூந்து போயிடும், படகும் ஆளும் போக முடியாது, ஓட்டம் அப்படியே அழுத்தி வச்சுக்கும். போன தடவை வந்தப்ப இல்லாத மரம் இந்தத் தடவை இருக்கும், அதனால வளைவுக்கு அந்தப் பக்கம் தெரியலைன்னா உள்வளைவுல ஒதுங்கி எட்டிப் பாத்துட்டுப் போங்க, ஓட்டம் வெளிவளைவுக்குத்தான் இழுக்கும். படகை விட்டுட்டு நீந்திக்கிட்டு இருக்குறப்ப மரம் எதிர வந்து தப்பிக்கவே வழியில்லைன்னா மட்டும் மல்லாக்கப் படுத்தது போதும்னு குப்புறத் திரும்பி, தலையை முன்னாடி வச்சு வேகமா நீந்தி, மரத்து மேல தாவி ஏறிடணும். காலை முன்னாடி விட்டா கிளைக்கு அடியில போயிடுவீங்க. மாடு தாண்டாம இருக்க ஆத்துக்குக் குறுக்க கட்டுற கம்பிவேலியும் இப்படித்தான், அது தூரத்துல இருந்து கண்ணுக்கே தெரியாது.

எல்லாத்துக்கும் மேல தடுப்பணை. மேல இருந்து வர்றப்ப ஒண்ணுமே தெரியாது, ஆறு ஒரு இடத்துல நேர்கோடா முடிஞ்சு போன மாதிரி இருக்கும், அவ்வளவுதான். ஒரு ஆள் உயரம்கூட இருக்காது. ஆனா விழுற தண்ணி அடிக்குப் போய் கொஞ்சம் தள்ளி மேல கொப்பளிச்சு, அதுல ஒரு பகுதி திரும்ப அணைப்பக்கமே ஓடி வரும். உள்ள விழுந்தவங்களை அணைச் சுவத்துக்கே இழுத்து, அடிக்கு அமுக்கி, மேல விட்டு, மறுபடி இழுக்கும். இயற்கையான ஹோல்னா ஓரத்துலயாவது உடைப்பு இருக்கும், தடுப்பணை கரைக்குக் கரை ஒரே சீரா இருக்குறதால வெளிய வர ஓரமே கிடையாது. கிளாஸ் 3 என்ன, கிளாஸ் 5 ஓட்டுறவங்களும் படகைத் தூக்கிக்கிட்டு நடந்துதான் தாண்டுவாங்க.

ஒரு சின்ன விஷயம், மழைக்கு அப்புறம் வயல் தண்ணி கலந்த ஆத்துல முங்கி எழுந்து ஒண்ணு ரெண்டு வாரத்துல காய்ச்சலும் உடம்பு வலியும் வந்தா டாக்டர்கிட்ட ஆத்துல இறங்குனதைச் சொல்லுங்க, எலிக்காய்ச்சலா இருக்கலாம். கையில காயம் இருந்தா மூடிக்கிட்டு இறங்குங்க.

கேள்வி: நல்ல மழை பெஞ்ச மறுநாள் போனா த்ரில்லா இருக்கும்ங்கிறாங்களே?

த்ரில்லாத்தான் இருக்கும், திரும்பி வந்தா. ஆத்துக்குக் கொடுத்த நம்பர் ஒரு குறிப்பிட்ட அளவு தண்ணிக்குத்தான். ஒரு நொடிக்கு எத்தனை கன மீட்டர் தண்ணி போகுதுங்கிறதுதான் அந்த அளவு, ஒரு கன மீட்டர்னா ஒரு டன். தண்ணி ஏறினதும் சில பாறை மூழ்கி வழி சுலபமாகுற ஆறும் உண்டு, ஆனா பெரும்பாலும் கரையோர எடியெல்லாம் அடிச்சுக்கிட்டுப் போயிடும், ரேப்பிட்டுக்கு நடுவுல இருந்த மடு காணாமப் போயிடும், கரையில நின்ன மரமெல்லாம் ஆத்துக்குள்ள நிக்கும். தண்ணி செம்மண் கலர்ல, குச்சியும் இலையும் அடிச்சுக்கிட்டு வந்துச்சுன்னா இன்னும் ஏறிக்கிட்டு இருக்குன்னு வச்சுக்கலாம். இறங்குற இடத்துல தண்ணி தொடுற கோட்டுல ஒரு குச்சி நட்டு வச்சுட்டு, துணி மாத்தி படகெல்லாம் எடுத்து வச்சுட்டு வந்து பாருங்க, குச்சி மூழ்கியிருந்தா அன்னைக்கு வீட்டுக்குப் போயிடலாம். மேல அணை இருந்தா எத்தனை மணிக்குத் தண்ணி திறக்குறாங்கன்னு தெரியாம இறங்கவே கூடாது, மழைக்கும் அதுக்கும் சம்பந்தமே இருக்காது.

கேள்வி: பேடில் எவ்வளவு நீளம் வாங்கணும்?

சராசரி உயரம்னா 190ல இருந்து 200 சென்டிமீட்டருக்குள்ள. ஏரி பேடில் இதைவிட நீளம், அது இங்க சரி வராது.

கேள்வி: பழைய ஆத்துப் படகு ஒண்ணு விலைக்கு வருது. வாங்கலாமா, எதைப் பாக்கணும்?

வாங்கலாம். இப்ப ஓடுறதுல பெரும்பாலானது பாலித்தீன் பிளாஸ்டிக், அடி தாங்கும், ஆனா வெயில்ல வருஷக்கணக்கா கிடந்தா உள்ள வலு போயிடும். கலர் வெளுத்து மேல மாவு மாதிரி கையில ஒட்டுதான்னு பாருங்க, சீட்டுக்கு நேர் கீழ அடிப்பக்கம் விரலால அமுக்கிப் பாருங்க, அங்கதான் பாறையில தேஞ்சு மெலிசாகியிருக்கும். முன்னாடியும் பின்னாடியும் பிடிக்கிற கைப்பிடி ஆடாம இருக்கணும், கால் வைக்கிற தட்டு நகராம நிக்கணும். உள்ள காத்துப்பை இல்லைன்னா அதுக்கும் பணம் எடுத்து வைங்க, அது இல்லாத படகு கவுந்தா தண்ணி ரொம்பி நூத்துக்கணக்குல கிலோ ஆயிடும், யாராலயும் கரைக்கு இழுக்க முடியாது. ரொம்ப குட்டையா, வால் தட்டையா இருக்குற விளையாட்டுப் படகு பாக்க ஸ்டைலா இருக்கும், கத்துக்குறவங்களுக்கு ஆகாது, சும்மா சும்மா கவுக்கும்.

கேள்வி: ஒலிம்பிக்ஸ்ல நாலு பேர் மேல இருந்து ஒண்ணாக் குதிச்சு ஒருத்தரை ஒருத்தர் இடிச்சுக்கிட்டுப் போனாங்களே, அது என்ன?

கயாக் க்ராஸ். 2024 பாரிஸ்லதான் மொத தடவையா ஒலிம்பிக்ஸ்ல சேத்தாங்க. உயரமான மேடையில இருந்து நாலு பேரும் ஒண்ணா விழுந்து, வழியில ஒரு இடத்துல கட்டாயம் ரோல் பண்ணிட்டுப் போகணும். ஒருத்தர் ஒருத்தரா தொங்குற கம்பத்துக்கு நடுவுல பூந்து போறது ஸ்லாலம், அது பழசு, 1972 ம்யூனிக் ஒலிம்பிக்ஸுக்காக ஆக்ஸ்பர்க் ஊர்ல செயற்கை ஓடை கட்டி நடத்தினாங்க, அப்புறம் 20 வருஷம் ஒலிம்பிக்ஸ்ல இல்லாம 1992 பார்சிலோனாவுல திரும்ப வந்துச்சு. அதுல கம்பத்தைத் தொட்டா 2 நொடி, விட்டுட்டுப் போனா 50 நொடி சேத்துடுவாங்க. அதை ஒரு தடவை உக்காந்து பாருங்க, எடிக்குள்ள எப்படி நுழையணும்னு மேல எழுதினதெல்லாம் கண்ணு முன்னாடி நடக்கும்.

கேள்வி: தனியாப் போலாமா?

கூடாது. குறைஞ்சது மூணு பேர். ஒருத்தருக்கு ஏதாவது ஆனா ஒருத்தர் கூட இருக்கணும், ஒருத்தர் உதவி தேடி ஓடணும். ஆளுக்கு ஒரு விசில், ஒரு த்ரோ பேக் (தண்ணியில இருக்குறவங்களுக்கு வீசுற கயிறுப் பை), அதுல 15ல இருந்து 20 மீட்டர் கயிறு. கயிறு வந்து விழுந்தா பையைப் பிடிக்காதீங்க, கயிறைப் பிடிங்க, மல்லாக்க இருந்து நெஞ்சோட வச்சுக்கோங்க, கையில மட்டும் சுத்திக்கவே கூடாது. தண்ணி சத்தத்துல பேசினா கேக்காதுங்கிறதால சைகையை இறங்குறதுக்கு முன்னாடியே பேசி வச்சுக்கணும். பேடிலை நிமித்திப் பிடிச்சா வா, குறுக்க பிடிச்சா நில்லு, மூணு நீள விசில்னா ஆபத்து. கை காட்டுறதுன்னா போக வேண்டிய பக்கத்தை மட்டும்தான் காட்டணும். இங்க பாறை இருக்குன்னு பாறையைக் காட்டினா வர்றவர் அங்கதான் போகணும்போலன்னு நேரா அதுலயே போய் ஏறுவார்.

கேள்வி: ஒரு ரேப்பிட்டைப் பாத்து பயந்து நடந்தே தாண்டிட்டேன். அன்னைலேர்ந்து குரூப்ல என்னை "நடராஜா சர்வீஸ்"னு கூப்பிடுறாங்க. அடுத்த தடவை ஓட்டிடவா?

அவங்க கூப்பிடுறதுக்காக ஓட்டாதீங்க. கரையில நின்னு மொதல்ல கீழ பாருங்க, ரேப்பிட்டைப் பாக்காதீங்க, அது முடிஞ்சதும் என்ன இருக்குன்னு பாருங்க. மடு இருக்கா, இல்ல நேரா அடுத்த ரேப்பிட்டா, மரம் ஏதாவது கிடக்கா? அப்புறம் மேல வாங்க. தண்ணி வி எழுத்து மாதிரி கூம்பி கூர் கீழ்ப்பக்கம் பாத்திருந்தா அது வழி, கூர் உங்களைப் பாத்திருந்தா அங்க தண்ணிக்கு அடியில கல்லு. எந்தக் கல்லு தாண்டினதும் எந்தப் பக்கம் திரும்பணும்னு கண்ணை மூடிக்கிட்டு ஒரு தடவை சொல்லிப் பாருங்க, வரிசை மறந்து போச்சுன்னா அன்னைக்கு அது உங்களுக்கு இல்ல. வரிசை சரியா வந்துச்சு, தப்பினாலும் கீழ நீந்திக்க இடம் இருக்கு, அங்க ஒருத்தர் கயிறோட நிக்கிறார், அப்ப ஓட்டுங்க. நாலாவதா ஒண்ணு, கிண்டல் பண்ற ஆளையே கயிறு பிடிச்சுக்கிட்டு கீழ நிக்கச் சொல்லுங்க. எந்த இடத்துல நிக்கணும்னு அவருக்குத் தெரியுதான்னு பாருங்க. தெரியலைன்னா அந்த குரூப்போட போறதைப் பத்தியே யோசிக்கலாம்.

கேள்வி: ஜாக்கெட்டும் ஷூவும் நாறுது, வீட்டுக்குள்ள விட மாட்டேங்குறாங்க.

நல்ல தண்ணியில அலசி நிழல்ல, காத்து வர்ற இடத்துல கவுத்துத் தொங்க விடுங்க. சீக்கிரம் காயட்டும்னு வெயில்ல போடாதீங்க, ஜாக்கெட் துணி நைஞ்சு போயிடும். நனைஞ்சதை மட்டும் பைக்குள்ள சுருட்டி வச்சு மறந்துடாதீங்க, அப்புறம் வீட்டுல சொல்றது நியாயம்தான்.